வாசகர் கேள்வி: பப்பாளியில் மாவு அப்பியிருக்கிறது

கேள்வி: கொல்லையில் தானாக முளைத்த பப்பாளி, நன்றாகக் காய்த்தது. இப்போது காயெல்லாம் அரிசிமாவு அப்பினது போல வெள்ளை, கீழ் இலையெல்லாம் கரி பிடித்த மாதிரி கறுப்பு. வயலுக்கு வாங்கிய மருந்து பாதி மிச்சம் இருக்கிறது, அதையே அடிக்கலாமா?
- வலங்கைமான் வாசகி

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. நெல்லுக்கு வாங்கியதைத் தின்கிற பழத்தில் அடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வெள்ளைக்குள்ளேயே உங்களுக்காக வேலை பார்க்கிற ஆட்கள் இருக்கலாம், முதலில் சாவது அவர்கள்தான். அந்த வெள்ளை மாவுப்பூச்சி; அதற்கு மேலே மெழுகுப் பூச்சு, மருந்து லேசில் இறங்காது. கறுப்பு வேறொன்றுமில்லை, பூச்சி கழிக்கிற தித்திப்பு நீர் கீழே சொட்டி, அதில் பூஞ்சணம் பிடிக்கிறது.

இந்த மாவுப்பூச்சிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்துக்கு அடங்காததை 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, கொசுவை விடச் சின்ன ஒரு குளவி அடக்கியது. பெயர் அசிரோபேகஸ் பப்பாயே. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளிருந்தே தின்னும்.

ஒரு காயை வெயிலில் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சில பூச்சிகள் பழுப்பாக உப்பி, குண்டூசி குத்தின மாதிரி ஓட்டையோடு இருந்தால் குளவி வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், கொஞ்சம் பெரிசாக, வெள்ளையாக ஊர்கிற ஒன்றைப் பார்த்து இதுதான் தாய்ப்பூச்சி என்று நான் ஒரு காலத்தில் செருப்பால் தேய்த்திருக்கிறேன். பாவம், அது மாவுப்பூச்சியைத் தின்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. அதன் கூட்டுப்புழுவைப் பாருங்கள், அசல் குரங்கு மூஞ்சி! பொறிவண்டின் புழுவும் இப்படித்தான் வெள்ளை வேஷம் போடும்.

ஹோஸ் பைப்பால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், மிக மோசமான இலையை மட்டும் வெட்டுங்கள். எறும்பை விடாதீர்கள், தித்திப்புக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டுவது அதுதான். தண்டைச் சுற்றித் துணி கட்டி கிரீஸ் தடவினால் ஏறாது. வேலியோரச் செம்பருத்தியையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இலை தேமலாகிச் சுருங்குகிறது, காயில் வளையம் வளையமாக இருக்கிறது. என்ன பூச்சி?
- திருவையாறு வாசகர்

பதில்: பூச்சி இல்லை, வைரஸ். கொண்டுவந்தது அசுவினி என்கிற, சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. அது பப்பாளியில் குடியிருப்பதுகூட இல்லை, வந்து உட்கார்ந்து ஒரு வாய் ருசி பார்த்துப் பறந்துவிடும், அதற்குள் ஒட்டிவிடுகிறது. மருந்து கிடையாது. பக்கத்து மரங்களுக்குப் போகும் முன் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.