பிஸ்டன் புதிது, புகை மட்டும் பழையதா?

கேள்வி: பைக்கில் பிஸ்டனும் ரிங்கும் மாற்றியும் நீலப்புகை நிற்கவில்லை. போரை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவரை, தொடவில்லை. அதுதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். (ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்தால் முதலில் வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலைப் பாருங்கள்.) தேய்ந்த போர் முட்டை வடிவமாகிவிடும்; புது ரிங் அதில் முழுதாகப் படியாது, ஆயில் மேலேறி எரியும். பிஸ்டன் உச்சிக்குப் போய் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம்.

போரின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இல்லையென்றால், ரிங்கை மட்டும் உள்ளே வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) ஃபீலர் கேஜால், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால், போரின் மேற்பகுதியிலும் அடிப்பகுதியிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.3 மி.மீ. என்றால், விட்டத்தில் சுமார் 0.1 மி.மீ. தேய்மானம். மேனுவல் வரம்பைத் தாண்டினால், ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய அளவு) பிஸ்டனை முதலில் வாங்குங்கள்; அதை அளந்த பிறகே போரிங் (போரைப் பெரிதாகக் கடைவது), ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது). பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப்பில் பழையதை மறுபடி போடவே வேண்டாம்; கழன்றால் போரையே கீறிவிடும்.