ஓடையை அளப்பவளைக் கணினிப் படிப்பில் அடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

மகள் கணினிப் பொறியியலில் சேர மறுத்து, நகரத்து ஓடை ஒன்றில் தண்ணீரின் வேகத்தை அளந்துகொண்டிருக்கிறாள் என்று கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். கவலை இயல்பானதே, ஆயினும் உங்கள் கடிதத்தில் மகளின் விருப்பம் ஒரு வரியும் அவளுடைய பெரியப்பாவின் கருத்து ஒரு பக்கமும் பிடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கணினிப் படிப்பின் பெருமையைச் சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். நான் ஓடும் நீரை அளக்கும் துறையான நீரளவியலைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓடையின் அகலத்தைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து, பரப்பால் பெருக்கிக் கூட்டினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடுகிறது என்பது, அதாவது பாய்வு, தெரியும். ஆழம் குறைந்த இடத்தில், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் வேகமானியை வைத்து ஒருமுறை அளந்தால் போதும். ஆழம் கூடினால் 0.2, 0.8 பங்குகளில் அளந்து சராசரி காண்பார்கள். மிதவையை விட்டு நேரம் பார்த்தால் மேற்பரப்பின் வேகம் மட்டுமே கிடைக்கும் என்பதால், அதை ஏறத்தாழ 0.85ஆல் பெருக்குவது வழக்கம். நீங்கள் இணைத்திருந்த குறிப்பேட்டுத் தாளில் யாரும் சொல்லாமலே அவள் அதைச் செய்திருக்கிறாள்.

நகர ஓடை எளிதில் பிடிபடாது. தாரும் கான்கிரீட்டும் மூடிய நிலத்தில் விழும் மழை வடிகால்கள் வழியே விரைந்து வந்து சேர்வதால், நீர்மட்டம் சட்டென ஏறி, அளப்பவர் வருவதற்குள் இறங்கியும்விடும். ஆகவே மட்டத்தைத் தானியங்கிக் கருவி பதிவுசெய்ய, வெவ்வேறு மட்டங்களில் நேரில் அளந்த பாய்வைக் கொண்டு இரண்டையும் இணைக்கும் வளைகோட்டை வரைவார்கள். வெள்ளம் படுகையை அரித்தாலோ குப்பை அடைத்தாலோ வளைகோடு பொய்த்துவிடும். மறுபடி அளக்க வேண்டியதுதான். பாய்வை அளக்க ஓடையின் குறுக்கே வைக்கும் முக்கோண வெட்டுள்ள தடுப்பில் பாய்வு நீருயரத்தின் 2.5 அடுக்கைப் பொறுத்தது என்பதால், உயரத்தை 10 விழுக்காடு கூட்டிப் படித்தால் பாய்வு ஏறத்தாழ 27 விழுக்காடு கூடிவிடும். பாலத்தின் அடியில் நீர் செல்லும் திறப்பின் அகலத்தை இந்தப் பாய்வு எண்ணை நம்பித்தான் முடிவுசெய்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் அவள் நிரல் எழுதவும் கற்க நேரும். பெரியப்பா அதில் ஆறுதல் கொள்ளலாம்.

வீட்டை அடகுவைத்துக் கணினிப் படிப்பில் இடம் வாங்கும் யோசனையைக் கைவிடுங்கள். பிடிக்காத படிப்பை அவள் பாதியில் விட்டாலும் கடன் உங்களை விடாது. குடிசார் பொறியியலோ புவியியலோ படித்து, பின்னர் நீரியலில் மேற்படிப்புக்குச் செல்லலாம். தொடக்க ஊதியம் மென்பொருள் துறையைவிடக் குறைவாக இருக்கக்கூடும், சேற்றில் நிற்கவும் வேண்டும். இரண்டையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டணம் கட்டும் முன், மாணவர்களை உண்மையாகவே ஓடைக்கு அழைத்துச் செல்கிறார்களா என்று கல்லூரியில் கேளுங்கள். ஆய்வகத்தின் கண்ணாடிக் கால்வாயைக் காட்டி நிறுத்திக்கொள்ளும் இடம் அவளுக்குப் பொருந்தாது.

ஒரே ஒரு தடையை மட்டும் விதியுங்கள்: மழை நாளில் அவள் தனியாக ஓடையில் இறங்கக் கூடாது. வெள்ளம் ஓடும்போது தேர்ந்தவர்களே பாலத்தின் மேல் நின்றுதான் அளக்கிறார்கள்.