கடைசி நோட்டின் வெற்றுப் பக்கங்கள்

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. முப்பது வருடமாகப் பார்த்த படங்களைப் பற்றியெல்லாம் நோட்டில் எழுதிவைத்தார், சிலது பத்திரிகைகளிலும் வந்தது. இதை விட்டுவிடக் கூடாது என்று அம்மா, தம்பி, நான் மூவருக்கும் ஆசை. அப்பா பெயரிலேயே, அவர் நடையிலேயே எழுதலாம் என்கிறான் தம்பி. எனக்கு அது வராது. பதினேழாவது நோட்டு பாதி காலியாக இருக்கிறது, அதிலேயே தொடரலாமா? தியேட்டர் இருட்டில் கிறுக்கிய குறிப்புகள் பல புரியவில்லை. 'இன்டர்வெல். அவ சொன்னது சரி' என்று ஒரு இடத்தில் இருக்கிறது, எந்தப் படம் என்றுகூட இல்லை.
- ஒரு வாசகி

பதில்: அப்பா பெயரில் வேண்டாம் என்று தம்பியிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவர் பார்க்காத படத்துக்கு அவர் கருத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். தம்பி சுமாராக எழுதினால் அப்பா பெயர் கெடும், நன்றாக எழுதினால் இன்னும் மோசம், எது தாத்தா எழுதியது எது மாமா எழுதியது என்று நாளைக்கு வீட்டுப் பிள்ளைகளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அமெரிக்காவில் ரோஜர் ஈபர்ட் என்றொரு விமர்சகர் இருந்தார். 1967-லிருந்து ஒரே நாளிதழில் எழுதியவர், 1975-ல் அங்கே பத்திரிகை எழுத்துக்குக் கொடுக்கும் பெரிய விருதான புலிட்சர் பரிசு வாங்கினார், 2006-ல் புற்றுநோய் அறுவை சிகிச்சையால் பேச்சு போன பிறகும் எழுத்தை விடவில்லை. 2013-ல் அவர் இறந்தபின் அவருடைய இணையதளத்தை மனைவி சாஸ் ஏற்று நடத்தினார். பழைய விமர்சனங்கள் அவர் பெயரில் அப்படியே இருக்கின்றன, புதுப் படங்களுக்கு வேறு ஆட்கள் அவரவர் பெயரில் எழுதுகிறார்கள். உங்களுக்கும் இந்த வழி சரிப்படும்.

அந்தக் குறிப்புக்கு வருகிறேன். 'அவ' யார்? அம்மாதானே? முப்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டு நோட்டை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்களே! ஒவ்வொரு நோட்டாக அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள், போனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிவிட்டு. இடையில் கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ணாதீர்கள். 'அந்தப் படமா, எனக்குப் பிடிக்கவே இல்லை, உங்கப்பாதான் தலையில் தூக்கிவைத்து ஆடினார்' என்று ஏதாவது வரும் பாருங்கள், அதை அம்மா பெயரில் அப்பாவின் விமர்சனத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அப்பாவே ஒரு இடத்தில் 'சரி' என்று ஒத்துக்கொண்ட ஆள் அவர்.

நோட்டுகளைக் கையாளுவதில் கொஞ்சம் கவனம். முதலில் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிடுங்கள், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் போடவே போடாதீர்கள். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, அதிலுள்ள அமிலம் தாளை மஞ்சளாக்கிப் பொடிப்பொடியாக்குவதோடு ஒட்டியிருக்கும் பக்கத்தையும் கெடுக்கும், அதனால் வெட்டிவைத்த துண்டுகளைத் தனியாக வையுங்கள். அப்பாவுக்கு ஜிமெயில் இருந்தால் அதில் அனுப்பாத கட்டுரை கிடக்கலாம். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம், இப்போதே பாருங்கள். புத்தகமாகப் போடும் எண்ணம் இருந்தால், அச்சில் வந்த கட்டுரைகளின் உரிமை வாரிசுகளுக்கு வந்திருக்கிறதா, பத்திரிகையிடமே இருக்கிறதா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பதினேழாவது நோட்டில் எழுதாதீர்கள். அது அவர் நிறுத்திய இடம், அப்படியே இருக்கட்டும். நீங்கள் புதுசாக ஒரு நோட்டு வாங்கி, அப்பா திட்டித் தீர்த்து உங்களுக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று கட்டாயம் இருக்குமே, அதிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் போட்ட சண்டையைத்தானே எழுதப்போகிறீர்கள், நடை தானாக வரும்.

அப்பா நடையில்தான் எழுதுவேன் என்று தம்பி அடம்பிடித்தால், ஒரே ஒரு தடவை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டட்டும். 'உங்கப்பா இப்படி எழுத மாட்டார்டா' என்று அம்மா எந்த வரியில் நிறுத்துகிறாரோ, அந்த வரியிலிருந்து அவன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.