"கட்டுரை மிகவும் நன்றாக இருந்தது"

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். கட்டுரை ஒன்றைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னால், சுருக்கி எழுதிவிட்டு "கட்டுரை மிகவும் நன்றாக இருந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். அலசி எடைபோட எப்படிப் பழக்குவது? அவர்களுக்குத் தமிழும் சரளமில்லை.
– ஓர் ஆசிரியை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. "கருத்து எழுது" என்றால் "டீச்சருக்குப் பிடித்ததை எழுது" என்றுதான் அவர்கள் காதில் விழும். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். பதிலாக, ஒரே ஒரு பத்தியை எடுத்து, வரிக்கு வரி நிறுத்தி, "இது இவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள்.

டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு இந்தியர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக முதலில் வந்த மாதம் நவம்பர். அது பிறந்தால் உங்கள் ஊரில் எழுதப்படும் கட்டுரைகளில் இந்த மூன்று வரிகள் ஏதோ ஓர் உருவத்தில் இருக்கும். "1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் வந்தது. வந்த அனைவரும் ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர்கள். அவர்கள் உழைப்பால்தான் நேட்டால் செழித்தது."

முதல் வரிக்குக் கப்பல் பதிவேடு இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் வரை எழுதி வைத்தார்கள்; சரிபார்த்துவிடலாம். மூன்றாவது வரியை ஒரேயடியாகச் சரி, தப்பு என்று சொல்ல முடியாது. செழிப்பு என்று எதைச் சொல்கிறார், கரும்பு விளைச்சலையா, ஏற்றுமதியையா என்று கேட்க வேண்டும். இரண்டாவது வரியில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். "அனைவரும்" என்பதற்கு எது சான்று? ஆள்பிடித்த தரகரின் பொய்யை நம்பி ஏறியவர்கள் உண்டு. பஞ்சமும் கடனும் துரத்தி ஏறியவர்களும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து 1871இல் இந்தியா திரும்பியவர்கள் தோட்டத்தில் பட்ட கொடுமைகளைப் புகாராகச் சொன்னதால்தான், 1872இல் நேட்டால் அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்தப் புகார்கள் கொடுமைக்குச் சான்று. எல்லோரும் ஏமாந்துதான் ஏறினார்கள் என்பதற்குச் சான்றாகுமா? இதைப் பிள்ளைகளே பிரித்துச் சொல்லட்டும்.

ஒருவராவது முகம் சுளிப்பார்: "எங்கள் கொள்ளுத்தாத்தாவைச் சந்தேகப்படச் சொல்கிறீர்களா?" நல்லதாகப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காத கட்டுரையில் ஓட்டை கண்டுபிடிக்க யாருக்கும் பாடம் வேண்டாம். மனசுக்கு நெருக்கமானதைத்தான் வகுப்பில் எடைபோடப் பழக்க வேண்டும்.

அடுத்த படிக்குக் காந்தி இருக்கிறார். தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம் பற்றிய தன் நூலை 1923இல் எரவாடா சிறையில் தொடங்கினார். முன்னுரையிலேயே, விரிவான வரலாறு எழுதுவது தன் நோக்கமல்ல, அப்போது இந்தியாவில் நடந்துகொண்டிருந்த போராட்டத்துக்கு உதவ வேண்டும் என்பதே நோக்கம் என்கிறார். கையில் புத்தகங்கள் இல்லாமல் எழுதுவதாகவும் சொல்கிறார். ஆனாலும் ஒரு தகவல்கூடப் பிழையென்று நினைக்க வேண்டாம் என்கிறார். எழுதியவரே நோக்கம், ஆதாரம், உறுதிமொழி மூன்றையும் இப்படி வெளிப்படையாக வைப்பது அபூர்வம். நினைவிலிருந்து எழுதியவரை எந்த இடத்தில் அப்படியே நம்பலாம், எந்த இடத்தில் அந்தக் காலத்துப் பத்திரிகையோடு ஒத்துப்பார்க்க வேண்டும்? அந்தச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914இல் மறைந்த இளம்பெண் வள்ளியம்மையைப் பற்றி காந்தி எழுதும் பகுதியை வைத்து இதைக் கேளுங்கள். சிறையில் பட்டதற்காக வருந்துகிறாயா என்று தான் கேட்டதையும் அந்தப் பெண் சொன்ன பதிலையும் அவர் எழுதியிருக்கிறார். கேட்டவரே எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு கூடுகிறது. பல வருடம் கழித்து எழுதியது என்பதால் சொல்லுக்குச் சொல் அதே பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பிள்ளைக்கு எடைபோட வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிழை பிடிப்பதே விளையாட்டாகிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வயதுக்கு அது ருசிக்கும். "இந்த வரியை நம்புகிறேன், ஏனென்றால்..." என்று எழுதவும் அதே மதிப்பெண் கொடுங்கள்.

தமிழ் சரளமில்லை என்று தயங்க வேண்டாம். வாதம் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். ஆனால் எந்த வரியைப் பற்றிப் பேசுகிறார்களோ, அதை முதலில் தமிழில் வாய்விட்டுப் படித்தாக வேண்டும். எழுத்து வேலை நாலு வரி போதும்: எந்த வாக்கியம், எப்படித் தெரிந்தது, எவ்வளவு நம்பலாம், இன்னும் எதைத் தேட வேண்டும். சுருக்கம் எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.