டெக்சாஸ் பல்கலைக்கழக வாரியமும் வாலஸ் ஹாலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டெக்சாஸ் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் தனி ஆளாக நின்று கேள்வி கேட்ட வாலஸ் ஹால் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கோவை வாசகர்: ரீஜென்ட் என்றால் யார்? துணைவேந்தரா?

இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பின் கீழ் பல வளாகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்பது ரீஜென்டுகள் கொண்ட ஒரு வாரியம். மாநில ஆளுநர் நியமிப்பார், மாநில செனட் ஒப்புதல் தரும், பதவிக்காலம் ஆறு ஆண்டு. சம்பளம் கிடையாது. மாணவர் ஒருவரும் ஓராண்டுக்கு உட்காருவார், ஆனால் ஓட்டு இல்லை. இன்னொன்று, நம்மூரில் வேந்தர் என்றதும் ஆளுநர் நினைவுக்கு வருவார். அங்கே சான்சலர் என்பவர் இந்த வாரியம் வேலைக்கு வைக்கும் நிர்வாகி. அவருக்குக் கீழே ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு தலைவர். இந்தக் கதையில் ஆஸ்டின் வளாகத் தலைவர் பில் பவர்ஸ்.

சென்னை, ஓய்வுபெற்ற பேராசிரியர்: ஹால் அப்படி என்னதான் கேட்டார்?

டாலஸ் தொழிலதிபரான ஹால் 2011 தொடக்கத்தில் நியமிக்கப்பட்டார். முதல் உரசல் சட்டக் கல்லூரி விஷயத்தில். கல்லூரிக்குத் துணையாக இயங்கிய ஒரு தனியார் அறக்கட்டளை, பேராசிரியர்களுக்குத் திருப்பித் தர வேண்டியில்லாத 'கடன்' கொடுத்து வந்தது. சில ஆண்டுகள் வேலையில் இருந்தால் கடன் தள்ளுபடி. டீன் லாரி சேகரே 2009-இல் 5 லட்சம் டாலர் பெற்றிருந்தார். 2011 டிசம்பரில் பவர்ஸ் அவரை டீன் பதவியிலிருந்து விலகச் சொன்னார். பல்கலைக்கழக அமைப்பு உள்ளுக்குள் ஒரு விசாரணை நடத்தி அறிக்கை தந்தது. ஹால், இது போதாது, வெளியாள் பார்க்க வேண்டும் என்று விடாமல் நின்றார்.

அங்கிருந்து அவர் பார்வை மாணவர் சேர்க்கை பக்கம் போனது. எம்.எல்.ஏ.க்கள், செனட்டர்கள் தரும் சிபாரிசுக் கடிதங்களுக்கு என்ன மதிப்பு என்று தோண்ட ஆரம்பித்தார். தகராறு பெரிதானது அப்போதுதான். கடனைப் பற்றிக் கேட்டபோது கோபம் பல்கலைக்கழகத்துக்குள் இருந்தது. கடிதங்களைப் பற்றிக் கேட்டபோது கோபம் சட்டமன்றத்துக்கே வந்துவிட்டது.

ஹூஸ்டன் வாசகர்: நல்லவர் வேஷம் போடாதீர்கள். அவர் ஆளுநர் ரிக் பெர்ரியின் ஆள். பவர்ஸைத் துரத்தத்தான் வந்தார்.

பெர்ரி நியமித்தவர் என்பது உண்மை. கட்டணத்தைக் கூட்டுவதா, ஆராய்ச்சிக்கு எவ்வளவு இடம் என்பதில் பெர்ரி தரப்புக்கும் பவர்ஸுக்கும் அப்போது ஓயாத சண்டை. பவர்ஸைப் போகவைக்க ஹாலுக்கு ஆசை இருந்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். அதனால் கடன் விவகாரம் பொய்யாகிவிடுமா? கேட்டவரின் நோக்கம் ஒரு கணக்கு, கேட்ட விஷயம் வேறு கணக்கு. அன்று டெக்சாஸில் இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதியதுதான் கோளாறு.

திருச்சி, பல்கலைக்கழக அலுவலக ஊழியர்: எட்டு லட்சம் பக்கம் கேட்டாராமே? எங்கள் பிரிவில் கேட்டால் செத்தே போவோம்.

எட்டு லட்சம் என்பது பல்கலைக்கழகம் சொன்ன எண்ணிக்கை. ஹால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பெட்டி பெட்டியாகக் கேட்டார், வாரிய உறுப்பினராக மட்டுமல்லாமல் சாதாரணக் குடிமகனாகவும் தகவல் சட்டத்தில் மனு போட்டார் என்பதில் சந்தேகமில்லை. உங்கள் வருத்தம் நியாயம். ஒரு ரீஜென்ட் நேராக ஊழியரிடம் போய்க் கோப்பு கேட்டால், அந்த ஊழியர் யாருக்குப் பதில் சொல்வார்? அதனால்தான் கோரிக்கை சான்சலர் வழியாக வர வேண்டும் என்று வாரியங்கள் விதி வைக்கின்றன. சரியான விதிதான். சிக்கல் எங்கே என்றால், விசாரிக்கப்படும் நிர்வாகமே எந்தக் கோப்பைக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில்.

ஒரு சட்ட மாணவி: அவரைப் பதவிநீக்கம் செய்யப் பார்த்தார்களா?

ஆமாம். 2013-இல் சட்டமன்றக் கீழவை ஒரு சிறப்புக் குழு அமைத்தது. 2014 மே மாதம், பதவிநீக்க விசாரணைக்கு முகாந்திரம் உண்டு என்று 7-க்கு 1 ஓட்டில் முடிவு செய்தார்கள். ஆகஸ்டில் கண்டனத் தீர்மானம். அதற்கு மேல் போகவில்லை, முழு அவை ஓட்டெடுக்கவே இல்லை. வாரியத் தலைவர் பால் ஃபாஸ்டரே அவரை விலகச் சொன்னார், ஹால் மறுத்தார். 2015-இல் டிராவிஸ் கவுண்டி பெருநடுவர் குழு (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) அவர்மீது குற்றம் சாட்ட மறுத்தது. ஆனால் அவரைப் பதவியிலிருந்து எடுக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தது! வழக்கும் போடவில்லை, விட்டுவிடவும் மனமில்லை.

நீங்கள் சட்டம் படிப்பதால் ஒரு கூடுதல் தகவல். டெக்சாஸில் 1917-இல் ஜேம்ஸ் ஃபெர்கசன் என்ற ஆளுநரைப் பதவிநீக்கம் செய்தார்கள். சண்டையின் தொடக்கம் இதே பல்கலைக்கழகம்தான். தனக்குப் பிடிக்காத பேராசிரியர்களை நீக்கச் சொன்னார், ரீஜென்டுகள் மறுத்தார்கள், அவர் பல்கலைக்கழக நிதி ஒதுக்கீட்டையே ரத்து செய்தார்.

மதுரை வாசகர்: கடைசியில் ஹால் சொன்னது சரியா, தப்பா?

சாரத்தில் சரி. சேர்க்கை விவகாரத்தை விசாரிக்கப் பல்கலைக்கழக அமைப்பு க்ரோல் என்ற புலனாய்வு நிறுவனத்தை அமர்த்தியது. 2015 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. செல்வாக்குள்ளவர்கள் சிபாரிசு செய்த விண்ணப்பங்களைத் தலைவர் அலுவலகம் தனியாகக் குறித்து வைத்திருந்தது. சேர்க்கைப் பிரிவு வேண்டாம் என்ற சிலருக்கும் அந்த அலுவலகத்தின் சொல்லால் இடம் கிடைத்தது. பள்ளி மதிப்பெண் சராசரி 2.9-க்குக் கீழ், எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1100-க்குக் கீழ் என்ற நிலையில் சேர்ந்தவர்கள் ஆறு ஆண்டுகளில் 73 பேர். 73 பேருமே சிபாரிசில் வந்தவர்கள் என்று அறிக்கை சொல்லவில்லை, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பணம் கைமாறியதற்குச் சான்று இல்லை, சட்டமீறல் என்றும் சொல்லவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: சேர்க்கை குறித்து முன்பு நடந்த உள்விசாரணையில் பவர்ஸும் அவரது அலுவலகத் தலைவரும் வெளிப்படையாகப் பேசவில்லை என்று க்ரோல் எழுதியது. உள்விசாரணை போதாது என்று ஹால் நச்சரித்ததற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

பவர்ஸ் 2015 ஜூனில் தலைவர் பதவியை விட்டார். அது முந்தைய ஆண்டே பேசி முடித்த தேதி, அறிக்கைக்கான தண்டனை இல்லை.

கொழும்பு வாசகர்: நீதிமன்றமும் அவரைக் கைவிட்டதாமே?

க்ரோல் திரட்டிய மூல ஆவணங்களை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றார் ஹால். மாணவர் அந்தரங்கத்தைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டத்தைக் காட்டி, பெயர் விவரங்களை மறைத்துத்தான் தருவேன் என்றார் புதிய சான்சலர் வில்லியம் மெக்ராவன். ஹால் சான்சலர்மீதே வழக்குப் போட்டார். 2017 ஜனவரியில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஹாலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை வாரியமே சான்சலரிடம் கொடுத்திருக்கிறது, அதில் நாங்கள் தலையிட முடியாது என்று. அடுத்த சில நாட்களில் அவர் பதவிக்காலமும் முடிந்தது.

மாணவர் பெயர் வெளியே போகக்கூடாது என்பதில் மெக்ராவன் பக்கம் நியாயம் உண்டு. ஹால் முன்பு மாணவர் விவரமுள்ள மின்னஞ்சல்களைத் தன் வழக்கறிஞர்களிடம் தந்தது அவருக்கு எதிராக நின்ற வலுவான புகார். ஆனாலும், மேற்பார்வை செய்யும் உறுப்பினர் பார்ப்பதும் வெளியே விடுவதும் ஒன்றா என்ன?

டெட்ராய்ட் வாசகர்: தேர்தல் வைத்தால் தீருமா?

உங்கள் மிச்சிகனில் எட்டு ரீஜென்டுகளை மாநில மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், எட்டாண்டுக்கு. நியமித்தவருக்குக் கடன்பட வேண்டாம், சரி. கட்சிச் சீட்டில் நின்று ஜெயிக்கிறார்களே!

பெயர் வேண்டாம் என்றவர்: வாரியக் கூட்டக் குறிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

டெக்சாஸில் சில விஷயங்களை மூடிய அறையில் விவாதிக்கலாம், ஓட்டெடுப்பு மட்டும் திறந்த கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். அதனால் மூடிய அமர்வு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று பாருங்கள். நாலு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து ஒரே நிமிடத்தில் ஒருமனதாகத் தீர்மானம் என்றால், அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு அதை ஒட்டிய ஆவணங்களுக்குத் தகவல் மனு போடுங்கள். 'ஓட்டளிக்கவில்லை' என்று யார் பெயருக்கு நேரே இருக்கிறது என்பதையும் விடாதீர்கள்.