செய்திக்கு இப்ப முதலாளி யாரு? – கடிதம்

வணக்கம் சார்,

டிவி, பேப்பர் ரெண்டையும் விட்டு மூணு வருஷம் ஆச்சு. எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு கட்சியோ கம்பெனியோ இருக்கு. யூடியூப்ல நாலு பேரை ஃபாலோ பண்றேன், எனக்கு அது போதும். இந்தி செய்தியாளர் ரவிஷ் குமார் என்டிடிவி சேனலை விட்டு வந்து தனியா ஜெயிக்கலையா? இனிமே மீடியாவுக்கு முதலாளியே தேவையில்ல. நீங்க இன்னமும் சந்தா கட்டுங்கன்னு எழுதுறது ஏன்னு புரியல.

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

உங்க கோபம் எனக்கும் உண்டு. என்டிடிவி கை மாறின விதத்தை நெனச்சா இப்பவும் மனசு ஆறல. 2009ல என்டிடிவிய ஆரம்பிச்ச பிரணாய் ராயும் ராதிகா ராயும், அவங்க சேனல் பங்கை வச்சிருந்த ஹோல்டிங் கம்பெனி பேருல விசிபிஎல்னு ஒரு கம்பெனிகிட்ட 403 கோடி ரூபாய்க்கு மேல வட்டியில்லாக் கடன் வாங்குறாங்க, அந்தக் கடனை அந்த ஹோல்டிங் கம்பெனியோட பங்கா மாத்திக்கலாம்னு பத்திரத்துல ஒரு ஷரத்து இருக்கு. பதிமூணு வருஷம் கழிச்சு, 2022 ஆகஸ்ட்ல, அதானி குழுமம் அந்த விசிபிஎல்லயே வாங்கிப்போட்டு, கடனைப் பங்கா மாத்துறோம்னு நோட்டீஸ் விட்டுட்டாங்க. என்டிடிவியில 29.18 சதவீதம் அந்த ஒரு பத்திரத்துலயே போச்சு, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலன்னு ராய் தம்பதி தரப்புல சொன்னாங்க. நவம்பர் 30 ரவிஷ் ராஜினாமா பண்ணாரு. டிசம்பர் முடியறதுக்குள்ள ராய் தம்பதியும் மிச்சமிருந்த பங்குல பெரும்பகுதிய வித்துட்டாங்க.

ரவிஷ் யூடியூப்ல ஜெயிச்சதுல எனக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனா 1996லருந்து அந்த சேனல்ல உழைச்சு சம்பாதிச்ச பேரும், 2019ல வாங்கின மகசேசே விருதும் அவர்கூடவே வந்துச்சு. நேத்து வேலைக்குச் சேந்த பையன் வெளிய வந்தா யாரு பாப்பா?

அதோட யூடியூப்புக்கும் முதலாளி இருக்காங்க செ., கூகுள். எந்த வீடியோ உங்க கண்ணுல படணும்னு அவங்க அல்காரிதம்தான் முடிவு பண்ணுது. இந்த மாதிரி முதலாளி கதவைச் சாத்தினா என்ன ஆகும்னு கனடாவுல பாத்தாச்சு. 2023ல கூகுள், மெட்டா மாதிரி பெரிய தளங்க செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கணும்னு அங்க சட்டம் போட்டாங்க, கூகுள் பேசி முடிச்சு வருஷம் 10 கோடி கனடா டாலருக்கு ஒத்துக்கிச்சு, மெட்டா முடியாதுன்னுட்டு ஆகஸ்ட்லருந்து அவங்களோட பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரெண்டுலயும் செய்தியவே நிறுத்திடுச்சு. அதே மாசம் வடக்குல எல்லோநைஃப் ஊரு பக்கம் காட்டுத்தீ, சுமார் 20,000 பேர் ஊரைக் காலி பண்ணிட்டுக் கெளம்புறாங்க, எந்த ரோடு திறந்திருக்கு, தீ எங்க வந்திருக்குன்னு உள்ளூர் செய்தித்தளம் எழுதுறதை பேஸ்புக்ல ஷேர் பண்ண முடியல. ஜனங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து எடுத்து போட்டாங்க. அப்பவும் மெட்டா தடையை எடுக்கல. டொரண்டோவுல ஸ்காபரோ பக்கம் இருக்கிற நம்ம சொந்தக்காரங்க யாரையாவது கேட்டுப்பாருங்க, வெளிநாட்டு செய்தி நிறுவனங்களோட பேஸ்புக் பக்கம்கூட அங்க தெரியாது.

சந்தாவுக்கு வர்றேன். முன்னாடி நாம பேப்பருக்குக் கொடுத்த காசு அச்சடிக்கிற செலவுக்கே பத்தாது, விளம்பரம்தான் தாங்குச்சு. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல மணமகள் தேவை, வீடு வாடகைக்குன்னு பொடி எழுத்துல பக்கம் பக்கமா வரும்ல, அந்த வரி விளம்பரக் காசும் சேந்துதான் நிருபர் சம்பளம். கல்யாணம் மேட்ரிமோனி சைட்டுக்கும் பழைய பைக் ஓஎல்எக்ஸுக்கும் போயிடுச்சு, மிச்ச விளம்பரத்துல பெரும்பங்கு கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகுது.

இதோட விளைவை நான் கண்ணால பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு நிருபர், திங்கக்கிழமை ஆனா கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போயிடுவாரு. மனு கொடுக்க வரிசையில நிக்கிறவங்க பக்கத்துல உக்காந்து, பட்டாவுக்கு எத்தனாவது தடவை வர்றீங்க, சர்வே நம்பர் என்னன்னு ஒண்ணொண்ணா கேட்டு நோட்டுல எழுதுவாரு, எழுதினதுல பாதி பேப்பர்ல வரும், ரெண்டு பேருக்காவது வேலை நடக்கும். போன வருஷம் அவர்கூட போயிருந்தேன். நோட்டு பையிலயே இருந்துச்சு, போனை கையில பிடிச்சுக்கிட்டு வாசல் கேட் பக்கத்துலயே நின்னாரு. யாராவது மண்ணெண்ணெய் கேனோட வந்தா ஓடிப்போய் வீடியோ எடுக்கணும், பேப்பர் ஆபீஸ்ல அதத்தான் கேக்குறாங்க, வியூஸ் அதுக்குத்தான் வருதுன்னாரு. வரிசையில ஒரு பாட்டி, மஞ்சப்பையில பழைய மனுவோட நகல் ஏழு வச்சிருந்தாங்க. அவங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கல. நிருபருக்கு அந்த வருத்தம் இருந்துச்சு, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

நீங்க பாக்குற அந்த நாலு பேரும் நல்லவங்களாவே இருக்கட்டும், அவங்க வேற யாரோ கொண்டுவந்த செய்திய வச்சுத்தானே பேசுறாங்க? உங்க ஊரு மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போய் உக்காந்து எழுதுறது யாருன்னு பாருங்க. பேப்பரோ வெப்சைட்டோ எதுவா இருந்தாலும் சரி, அந்த ஆளுக்குச் சம்பளம் போற இடத்துக்கு சந்தா கட்டுங்கன்னுதான் நான் கேக்குறேன். அவங்க ஈமெயில்லயோ ஆப்லயோ நேரா உங்களுக்கு அனுப்பினா இன்னும் நல்லது, நடுவுல யாரும் கதவைச் சாத்த முடியாது. அப்படி ஒருத்தர் ஈரோட்டுல இருந்தா எனக்கும் எழுதுங்க, நானும் கட்டுறேன்.