திருகோணமலையில் தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டுச் சாமான்களை இணையத்தில் விளம்பரம் போட்டு விற்கப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நீங்கள் கொழும்பில் வேலை, அம்மா உவர்மலையில் தனியே. அவரை உங்களோடு கூட்டிப்போக முன் பிரிட்ஜ், அலுமாரி, அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் விற்க வேண்டும், சிலதைச் சும்மா கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வேலையை நான் பாலையூற்றில் எங்கள் வீட்டுக்குச் செய்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், விளம்பரத்தில் அம்மாவின் நம்பரைப் போடாதீர்கள். நான் போட்டேன். சாமான் பக்கத்திலேயே இருப்பவர் அம்மாதானே, கேட்டால் விவரம் சொல்வார் என்று நினைத்தேன். அன்று மாலைக்குள் இரண்டு பேர் அலுமாரியின் நீள அகலத்தைக் கேட்காமல் "அம்மா, வீட்டில தனியவா இருக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவும் "ஓம் தம்பி, பிள்ளையள் எல்லாம் கொழும்பில" என்று பதில் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரிந்தபோது இரவு ஒன்பது மணி. உடனே விளம்பரத்தை எடுத்துவிட்டு என் நம்பரோடு புதிதாகப் போட்டேன். இடத்தையும் 'திருகோணமலை நகரம்' என்று மட்டும் எழுதினேன். வீதிப் பெயர் வாங்குவது உறுதியான ஆளுக்கு மட்டும் போதும். 'வீட்டைக் காலி செய்கிறோம், அவசர விற்பனை' என்றும் எழுத வேண்டாம். விலையை அடித்துக் கேட்பார்கள் என்பது ஒருபுறம். வீடு எப்போது பூட்டிக் கிடக்கும் என்பதை நீங்களே ஊருக்கு அறிவித்ததாகிவிடும்.

படத்திலும் இதே கவனம் வேண்டும். தையல் மெசினை நான் எடுத்த படத்தில் பின்சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்து தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் எல்லாவற்றையும் விறாந்தைக்குக் கொண்டுவந்து வெறும் சுவருக்கு முன்னால் வைத்து எடுத்தோம்.

பிரிட்ஜுக்கு 65,000 ரூபாய் போட்டிருந்தேன். ஒருவர் பேசினார், விலையைக் குறைத்தே கேட்கவில்லை. பார்க்கவும் வரவில்லை. மாலை ஐந்தரைக்குப் பணம் அனுப்பிய ஸ்லிப்பின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பத்து நிமிடத்தில் சாமான் ஏற்றும் சின்ன பட்டா லொறியும் வாசலுக்கு வந்துவிட்டது. என் கணக்கைப் பார்த்தால் காசு இல்லை. "நாளைக்குப் போயா லீவு, பிறகு சனி ஞாயிறு, திங்கள்தான் விழும், லொறிக்காரரைக் காக்க வைக்காதீங்க" என்றார். பேச்சு நம்பும்படியாகத்தான் இருந்தது. ஏனென்றால் நம் வங்கிகளில் இரண்டு வழி இருக்கிறது. ஸ்லிப்ஸ் (SLIPS) என்ற முறையில் அனுப்பினால் வங்கி வேலைநாளில்தான் சேரும். செஃப்ட்ஸ் (CEFTS) முறையில் அனுப்பினால் போயா, ஞாயிறு, நள்ளிரவு எதுவானாலும் உடனே விழுந்துவிடும். "செஃப்ட்ஸில் அனுப்புங்கள், விழுந்ததும் ஏற்றலாம்" என்றேன். திட்டினார். பிறகு போனை எடுக்கவே இல்லை. லொறிக்காரர் பாவம், அவரையும் போனில்தான் பிடித்திருக்கிறார்கள், அவருக்கும் கூலி இல்லை. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, எண்ணெய்க் காசும் கொடுத்து அனுப்பினார் அம்மா.

அதனால் ஸ்லிப் படத்தையோ, வந்த எஸ்எம்எஸ்ஸையோ நம்பாதீர்கள், இரண்டையும் போலியாகச் செய்யலாம். வங்கி ஆப்பைத் திறந்து மீதியைப் பாருங்கள். உங்களுக்குப் பணம் அனுப்ப ஒருவருக்குத் தேவை உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் மட்டும்தான். கார்டின் பின்பக்க மூன்று இலக்கத்தையோ, போனுக்கு வந்த ஓடிபியையோ கேட்டால் அது உங்கள் காசை எடுப்பதற்கு. ஒருவேளை அவசரத்தில் சொல்லிவிட்டால், வேறு எதையும் செய்ய முன் வங்கிக்கு அழைத்துக் கார்டை நிறுத்துங்கள். பொலிஸ் முறைப்பாடு அதற்கடுத்தது.

கைக்காசாகத் தருகிறேன் என்றால் நல்லதே. சின்னச் சாமானென்றால் பகலில் நகரத்தில் ஒரு வங்கி வாசலில் சந்தியுங்கள். காசைப் பணம் போடும் இயந்திரத்தில் அவர் முன்னிலையிலேயே போட்டுவிடலாம். அது தாள்களை எண்ணிச் சரிபார்த்துத்தான் எடுக்கும். வீட்டில் வாங்க நேர்ந்தால் 5000 ரூபாய்த் தாளை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். பறவையின் நீரடையாளம் உள்ளே தெரிய வேண்டும்.

பெரிய சாமானுக்கு ஆட்கள் வீட்டுக்கு வரத்தான் வேண்டும். அயலில் ஒருவரை அந்த நேரத்துக்குக் கூப்பிட்டு வைத்திருங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணா விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தார், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. யாரையும் உள் அறைக்கு விட வேண்டாம்.

மோட்டார் சைக்கிளில் மட்டும் கடுமையாக இருங்கள். ஓபன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயரை எழுதாத உரிமை மாற்றப் படிவத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம், பெயரை வாங்குபவர் பிறகு மாற்றுவார் என்று பலர் சொல்வார்கள். வாங்கியவர் மாற்றாமல் இன்னொருவருக்கு விற்பார், அவர் வேறொருவருக்கு விற்பார். அந்த வண்டி எங்காவது ஆளை இடித்தால் பொலிஸ் தேடிவருவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவரை. அப்பா இல்லை என்பதால் வாரிசுப் பத்திர வேலையும் உங்களுக்கு இருக்கும். அதை முடித்துவிட்டே விளம்பரம் போடுங்கள். ஓடிப் பார்க்கக் கேட்டால் முழுக் காசும் உங்கள் கையில் இருக்கட்டும்.

சும்மா கொடுப்பது விற்பதைவிடச் சிரமம். எங்கள் அப்பாவின் சக்கர நாற்காலியை 'இலவசம்' என்று போட்டதும் போன் ஓயவில்லை. முதலில் கேட்டவருக்கே கொடுத்தேன். அடுத்த வாரம் அதே நாற்காலி விலையோடு இன்னொரு விளம்பரத்தில் கிடந்தது. மனம் மிகவும் நொந்தது. கட்டிலுக்கும் நடை வண்டிக்கும் விளம்பரமே போடவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்ட தாதியிடம் சொன்னேன். மூதூரிலிருந்து ஒரு குடும்பம் கிண்ணியாப் பாலத்தால் வந்து ஏற்றிப் போனார்கள். உண்மையாகத் தேவைப்பட்டவர்கள்.

பழைய போனைக் கொடுப்பதானால் கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு முழுவதும் அழியுங்கள். நீக்காமல் அழித்தால் வாங்குபவரால் அதைத் திறக்க முடியாமல் போகலாம்.

கடைசியாக, அலுமாரி. அதை ஏற்றும் நாளுக்கு முன் ஒருமுறை இரவு ரயிலில் வந்து, லாச்சிகளை நீங்களே வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அம்மாவிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அடி லாச்சியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே எங்கள் காணி உறுதி இருந்தது.